ஓசில கிடைக்கிற சாஃப்ட்வேரை நம்பி மாமா கடை கணக்கை எழுதலாமா?

தம்பி, நீங்க கேட்டதை ரெண்டு தடவை படிச்சேன். மாமா சேலம் செவ்வாய்ப்பேட்டைல கொலுசுக் கடை வச்சிருக்கார், பட்டறைக்காரருக்கு வெள்ளி குடுத்தது, வேலை முடிஞ்சு வந்தது, கூலி, சேதாரம் எல்லாத்துக்கும் ஒரு கணக்கு சாஃப்ட்வேர் எழுதித் தரச் சொல்றார், நீங்க போன வருஷம் தான் பிசிஏ முடிச்சிருக்கீங்க, ஓப்பன் சோர்ஸ், அதாவது உள்ள எழுதியிருக்கற கோடை யாரும் பாத்து மாத்திக்கலாம்னு தொறந்து விட்ட சாஃப்ட்வேர், அதை வச்சே பண்ணிடலாம்னு இருக்கீங்க, ஆனா மாமா "ஓசில குடுக்கறவன் நாளைக்கு காசு கேட்டா என்னடா பண்றது, ரிப்பேர் ஆனா யாரைக் கூப்பிடறது"ன்னு கேட்டதுக்கு உங்களால பதில் சொல்ல முடியல. கடைசில எந்த டேட்டாபேஸ் நல்லதுன்னு கேட்டு முடிச்சிருக்கீங்க. ஆனா டேட்டாபேஸ் பேரு தெரிஞ்சிட்டா உங்க குழப்பம் தீந்துடாது. முகம் தெரியாத ஆளுங்க எழுதுன கோடை நம்பி மாமாவோட பொழப்பை அதுல வைக்கலாமாங்கறது தான் நீங்க கேக்க வந்தது. மாமா கேட்டது ரெண்டும் ரொம்ப சரியான கேள்வி, அதனால அவருக்கே சொல்ற மாதிரி சொல்றேன்.

நான் சேலத்துல 17 வருஷமா இந்த வேலை தான் பாக்கறேன். பெரிய கம்பெனி கிடையாது. ரைஸ் மில்லு, சேகோ ஃபேக்டரி, அம்மாபேட்டைல பட்டு ஜவுளிக் கடை, ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட், இப்படி இருபது முப்பது பேருக்கு கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்து அதைப் பாத்துக்கறேன். அதனால நான் சொல்றது நம்மூரு சின்ன வியாபாரத்துக்குப் பொருந்தும், பேங்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ சாஃப்ட்வேர் எழுதறவங்களுக்கு வேற கணக்கு இருக்கும்.

முதல்ல ஒண்ணு நடந்ததைச் சொல்லிடறேன், ஏன்னா ஓப்பன் சோர்ஸ் பத்தி நான் நினைக்கறது எல்லாமே அங்க இருந்து தான் ஆரம்பிச்சுது. ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஃபேக்டரி. மரவள்ளிக் கிழங்கு லோடு வந்தா மாவு எவ்வளவு இருக்குன்னு பாயிண்ட் பாத்து, பாயிண்டுக்கு இவ்வளவுன்னு ரேட்டு போட்டு, விவசாயி முன்னாடியே வாங்குன அட்வான்ஸைக் கழிச்சு மீதியைக் குடுப்பாங்க. இதுக்கு 2008ல ஒருத்தர்கிட்ட காசு குடுத்து சாஃப்ட்வேர் வாங்கியிருந்தாங்க, கம்ப்யூட்டர் பின்னாடி டாங்கிள்னு பென்டிரைவ் மாதிரி ஒரு சாவி சொருகி இருந்தா தான் அது ஓடும். ஒம்பது வருஷம் நல்லா தான் ஓடுச்சு. 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்தப்ப பில்லு மாத்தணும்னு அவருக்கு ஃபோன் போட்டா அந்த நம்பரே இல்ல, ஆபீஸ் இருந்த இடத்துல செல்ஃபோன் கடை இருக்கு. சரி பழைய பில்லையாவது ஓட்டுவோம்னு இருந்தாங்க, மறு மாசமே டாங்கிள் செத்துப் போச்சு. என்னைக் கூப்பிட்டாங்க. டேட்டா ஃபைல் அங்கயே தான் இருக்கு, நாப்பது எம்பி கூட இல்ல, ஆனா உள்ள என்ன ஃபார்மேட்டுன்னு எழுதுனவருக்கு மட்டும் தான் தெரியும், அதுக்கு பாஸ்வேர்டு வேற போட்டு அடைச்சு வச்சிருக்கார். அஞ்சு நாள் முட்டி மோதிப் பாத்துட்டு முடியலைன்னு சொல்லிட்டேன். மாசா மாசம் பிரிண்ட் எடுத்து ஃபைல் பண்ணி வச்சிருந்த பேப்பரை வச்சு ரெண்டு பொண்ணுங்க நாப்பது நாள் உக்காந்து திரும்ப டைப் பண்ணாங்க. அதுலயும் நடுவுல ஏழு மாசத்துப் பேப்பர் கரையான் தின்னது. அந்த ஏழு மாசத்துல வரவு வச்ச ஒரு பெரியவர், எழுவது வயசு இருக்கும், வந்து "என் காசு எம்புட்டு நிக்குதுங்க"ன்னு கேட்டார். முதலாளி நல்ல மனுஷன், பெரியவர் சொன்ன தொகையை அப்படியே எழுதிக்கிட்டார். ஆனா அந்த ஃபேக்டரியோட கணக்கு அந்த ஃபேக்டரிக்குத் தெரியாம ஒரு பெட்டிக்குள்ள பூட்டி, சாவியை இன்னொருத்தன் எடுத்துட்டுப் போயிட்டான்ங்கறது எனக்கு இன்னைக்கு வரைக்கும் மனசுல உறுத்திட்டே இருக்கு.

அதனால மாமா கேட்ட முதல் கேள்விக்கு வரேன். ஓசிங்கறது ஒண்ணு, ஓப்பன் சோர்ஸ்ங்கறது இன்னொண்ணு. ஓசில குடுத்துட்டு நாளைக்கு கதவைச் சாத்தறது நிஜமாவே நடக்கும், அதுவும் சாதாரண ஆளுங்களுக்கு இல்ல, லினக்ஸ்ங்கற ஓப்பன் சோர்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதியான கெர்னல் எழுதறவங்களுக்கே நடந்துச்சு. 2002ல இருந்து அவங்க பிட்கீப்பர்னு ஒரு கம்பெனி டூல்ல தான் கோடை வச்சு மேனேஜ் பண்ணிட்டு இருந்தாங்க, அது அவங்களுக்கு ஓசி, ஆனா சோர்ஸ் கிடையாது. 2005ல அந்தக் கம்பெனி ஓசி லைசென்ஸை நிறுத்திடுச்சு. அதுக்கப்பறம் தான் லினக்ஸை ஆரம்பிச்ச லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரல் மாசம் உக்காந்து அதே வேலைக்கு கிட்னு ஒரு டூல் எழுத ஆரம்பிச்சார், இன்னைக்கு நீங்க காலேஜ்ல படிச்சது அந்த கிட் தான். ஓப்பன் சோர்ஸ்ல இந்த மாதிரி கதவைச் சாத்த முடியாது, ஏன்னா ஜிபிஎல், எம்ஐடி, அப்பாச்சி மாதிரி லைசென்ஸ்ல ஒரு வெர்ஷனை வெளியிட்டுட்டா அந்த வெர்ஷனை வச்சுக்கவும் மாத்தவும் அடுத்தவங்களுக்குக் குடுக்கவும் உங்களுக்கு இருக்கற உரிமை, லைசென்ஸ்ல சொன்னபடி நீங்க நடந்துக்கற வரைக்கும், உங்க கையில தான். இதை நான் தைரியமா சொல்லுவேன்.

ஆனா அடுத்த வெர்ஷனுக்கு லைசென்ஸ் மாத்தலாம், அதையும் மாமாகிட்ட மறைக்காதீங்க. 2023 ஆகஸ்ட்ல ஹாஷிகார்ப்னு ஒரு கம்பெனி, சர்வர்களை அமைக்கற டெராஃபார்ம்ங்கற அவங்க டூலுக்கு மாத்துனாங்க, 2024 மார்ச்ல ரெடிஸ்ங்கற டேட்டாபேஸுக்கு மாத்துனாங்க. ரெண்டு தடவையும் என்ன ஆச்சுன்னா பழைய லைசென்ஸ்ல இருந்த கடைசி கோடை எடுத்து வேற ஆளுங்க தனியா நடத்த ஆரம்பிச்சுட்டாங்க, அதுங்க பேரு ஓப்பன்டோஃபு, வால்கீ. அடுத்த வருஷம் ரெடிஸே ஏஜிபிஎல்ங்கற லைசென்ஸையும் சேத்து ஓப்பன் சோர்ஸுக்குத் திரும்பி வந்துச்சு. நான் இதுல கத்துக்கிட்டது, ஒரு புராஜெக்டோட உரிமை முழுக்க ஒரே கம்பெனி கையில இருக்கா இல்ல நிறைய பேருகிட்ட பிரிஞ்சு கிடக்கான்னு முதல்லயே பாத்துடணும். போஸ்ட்கிரஸ்னு ஒரு டேட்டாபேஸ் 1996ல இருந்து அந்தப் பேர்ல ஓப்பன் சோர்ஸா இருக்கு, எந்த ஒரு கம்பெனிக்கும் அது சொந்தம் இல்ல, வருஷத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன், ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு வருஷம் பிழை திருத்தம். நீங்க டேட்டாபேஸ் கேட்டீங்கல்ல, கடைல நாலு கம்ப்யூட்டர் சேந்து ஓடணும்னா எதையும் யோசிக்காம இதைப் போடுங்க. வெள்ளி எடையை மட்டும் தசமத்தைத் தோராயமா வைக்கிற ஃப்ளோட்ல வச்சுடாதீங்க, துல்லியமா வைக்கிற நியூமெரிக்ல வைங்க, இல்லைன்னா மில்லிகிராம் கணக்குல முழு எண்ணா வைங்க. ஃப்ளோட்ல வச்சு வருஷக் கடைசில அர கிராம் உதைச்சா உங்க மாமா பட்டறைக்காரர் மேல சந்தேகப்படுவார், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

ஜிபிஎல் கோடை எடுத்துட்டா நம்ம கோடை எல்லாம் ஊருக்கே தொறந்து காட்டணுமாம்னு ஒரு பயம் உங்களுக்கு இருக்கற மாதிரி தெரியுது, நிறைய பேருக்கு இருக்கு. அப்படி இல்ல. ஜிபிஎல் கோடு சேந்த சாஃப்ட்வேரை நீங்க யாருக்குக் குடுக்கறீங்களோ அவங்களுக்கு சோர்ஸும் அதே உரிமையும் சேத்துக் குடுக்கணும். இங்க குடுக்கறது மாமாவுக்கு, அதனால மாமாவுக்குக் குடுத்தா போதும், இன்டர்நெட்ல போடணும்னு கட்டாயம் இல்ல. நம்மளே நம்ம ஆபீஸுக்குள்ள மட்டும் ஓட்டிக்கிட்டா அது கூட வேண்டாம். ஏஜிபிஎல் மட்டும் கொஞ்சம் வேற, அந்தக் கோடை மாத்தி சர்வர்ல வச்சு அடுத்தவங்களை நெட் வழியா பயன்படுத்த விட்டா அவங்களுக்கும் சோர்ஸ் கிடைக்க வழி பண்ணணும். ஜிபிஎல் லைப்ரரியை, அதாவது அடுத்தவங்க எழுதி வச்ச ரெடிமேட் கோடுத் தொகுப்பை, உங்க சொந்த புரோகிராமோட லிங்க் பண்ணா முழுசுக்கும் ஜிபிஎல் ஒட்டுமாங்கறதுல மட்டும் வக்கீலுங்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்கு, நாளைக்கு இதைப் பாக்கெட் போட்டு நூறு கடைக்கு விக்கற எண்ணம் இருந்தா அந்த இடத்துல ஒரு வக்கீலுக்குக் காசு குடுத்துக் கேளுங்க, என்னை மாதிரி ஆளு சொல்றதை வச்சு முடிவெடுக்காதீங்க.

ஓப்பன் சோர்ஸ்னாலே பத்திரம், ஆயிரம் பேர் பாக்கறாங்க தப்பு இருந்தா தெரிஞ்சிடும்னு சொல்றவங்க இருக்காங்க. நானும் வேலைக்குச் சேந்த புதுசுல அப்படித் தான் பேசிட்டு இருந்தேன். 2014 ஏப்ரல்ல ஹார்ட்பிளீட்னு ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்தப்ப அந்தப் பேச்சை விட்டுட்டேன். ஓப்பன்எஸ்எஸ்எல், உலகத்துல பாதி வெப்சைட்டு பூட்டு மாதிரி நம்பி இருந்த சாமான், அதுல 2012ல வெளியான வெர்ஷன்ல ஒரு நீளத்தைச் சரி பாக்காம விட்டது ரெண்டு வருஷம் எல்லார் கண்ணு முன்னாடியும் கிடந்துச்சு. பாக்கலாம்ங்கற உரிமை எல்லாருக்கும் இருந்துச்சு, உக்காந்து பாக்க ஆளு தான் இல்ல. அப்ப அந்த புராஜெக்ட்ல முழு நேரமா வேலை பாத்தது ஒரே ஒருத்தர்.

2024 மார்ச் கடைசில எக்ஸ்இஸட் விஷயம் அதை விட மோசம். ஃபைலைச் சுருக்கி வைக்கிற ஒரு சின்ன லைப்ரரி, வருஷக்கணக்கா ஒருத்தர் தனியா, சம்பளம் இல்லாம, உடம்பு மனசு ரெண்டும் களைச்சுப் போய் பாத்துட்டு இருந்தார். ஜியா டான்னு பேரு வச்சுக்கிட்டு ஒரு ஆளு ரெண்டு வருஷத்துக்கு மேல ஒழுங்கா உதவி பண்ணி, நம்பிக்கை சம்பாதிச்சு, பொறுப்பைக் கையில வாங்கி, 5.6.0, 5.6.1ங்கற வெர்ஷன்கள்ல திருட்டுத்தனமா உள்ள நுழைய ஒரு பின்கதவு வச்சுட்டான். அது வெளிய தெரிஞ்சது எப்படின்னா, ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்னு போஸ்ட்கிரஸ் எழுதற ஒருத்தர் வேற எதையோ அளந்து பாத்துட்டு இருந்தப்ப எஸ்எஸ்ஹெச் லாகின், அதாவது தூரத்துல இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குள்ள நுழையறது, அரை செகண்டு அதிகமா ஆகுதேன்னு விடாம தோண்டினார். சோர்ஸ் தொறந்து இருந்ததால தான் அவரால அடி வரைக்கும் போக முடிஞ்சுது, மூடி வச்ச சாஃப்ட்வேரா இருந்தா "இன்னைக்கு கொஞ்சம் ஸ்லோ"ன்னு அதோட விட்டிருப்போம். அதே சமயம் தொறந்து இருந்ததால தான் அவன் உள்ளயே வந்தான். ரெண்டும் நிஜம். இந்த விஷயம் தெரிஞ்ச அன்னைக்கு நான் பாத்துக்கற எல்லா மெஷின்லயும் ராத்திரியோட ராத்திரியா வெர்ஷன் பாத்தேன், எல்லாமே டெபியன் ஸ்டேபிள்ங்கற லினக்ஸ், புதுசை அவசரப்பட்டுச் சேக்காதது, அதுல பழைய வெர்ஷன் தான் இருந்துச்சு. புதுசா வந்ததை வந்த அன்னைக்கே போடாதீங்கன்னு நான் சொல்றது இதனால தான்.

இப்ப ரெண்டாவது கேள்வி, ரிப்பேர் ஆனா யாரைக் கூப்பிடறது. உங்களைத் தான் தம்பி. இதுல பூசி மொழுக ஒண்ணும் இல்ல. ஆனா உங்களால ரிப்பேர் பண்ண முடியும்ங்கறது தான் வித்தியாசம். அது எப்படி இருக்கும்னு ஒண்ணு சொல்றேன், உங்க மாமா கடைக்கும் இது வரும். ஒரு கொலுசுக் கடைல பில்லைத் தமிழ்ல அடிக்கணும்னாங்க. விலை கம்மியான தெர்மல் பிரிண்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அதனால எழுத்தைப் படமா மாத்தி அனுப்பணும், 80 மில்லிமீட்டர் பேப்பர்னா பொதுவா ஒரு வரிக்கு 576 புள்ளி. நான் எடுத்த லைப்ரரி ஒவ்வொரு எழுத்துக் குறியா எடுத்து வரிசையா வரைஞ்சுது, "கொலுசு"ன்னா க, அது பின்னாடி கொம்பு, அது பின்னாடி கால்னு தனித்தனியா விழுந்துச்சு. தமிழ்ல கொம்பு எழுத்துக்கு முன்னாடி வரணும், கம்ப்யூட்டருக்குள்ள க முதல்ல தான் இருக்கும், அதை இடம் மாத்தி அடுக்கறது தனி வேலை. அந்த வேலையை ஹார்ஃப்பஸ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி பண்ணுது, ஆண்ட்ராய்டு ஃபோன்ல, ஃபயர்ஃபாக்ஸ்ல, லிப்ரெஆஃபீஸ்ல தமிழ் ஒழுங்கா தெரியறது அதால தான், முக்கியமா வளத்தவர் பெஹ்தாத் எஸ்ஃபாபோத்னு ஒரு ஈரான்காரர். தமிழ் தாய்மொழியா இல்லாத ஒரு மனுஷன் எங்கயோ உக்காந்து பண்ண வேலைல செவ்வாய்ப்பேட்டைல "கொலுசு" ஒழுங்கா அச்சாகுது. எனக்கு இதை நினைச்சா இப்பவும் நெஞ்சு நெறஞ்சு போகும்.

பிரிண்ட் சரியாச்சு, அடுத்து தேடல்ல அடி வாங்குச்சு. கடைப் பொண்ணு "கொலுசு"ன்னு டைப் பண்ணா பாதி சரக்கு வருது, பாதி வரல. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணா தான் தெரியுது. ஒரு நாள் பூரா பாத்ததுக்கு அப்பறம் தான் பிடிபட்டுச்சு, யூனிகோடு இல்லாத பழைய பாமினி ஃபாண்ட்ல இருந்து மாத்துன டேட்டால "கொ"ங்கறது க, கொம்பு, கால்னு மூணு குறியா இருக்கு, புதுசா டைப் பண்ணதுல க, ஒகரக் குறின்னு ரெண்டு தான் இருக்கு. எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்கற யூனிகோடு ரெண்டையும் சமம்னு தான் சொல்லுது, ஆனா சும்மா ஒப்பிட்டா கம்ப்யூட்டருக்கு வேற வேற. சேமிக்கும் போதும் தேடும் போதும் ரெண்டையும் ஒரே வடிவமாக்கற என்எஃப்சிங்கற முறைக்கு மாத்திட்டா தீந்துச்சு, போஸ்ட்கிரஸ் 13ல இருந்து அதுக்கு நார்மலைஸ்னு ஃபங்ஷனே இருக்கு. நான் பில்லிங்குக்கு எடுத்திருந்த ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்லயும் இதே ஓட்டை இருந்துச்சு, ஆறு வரி திருத்தி அனுப்பினேன். அதைப் பாத்துக்கறவர் எந்த நாடோ, மூணு வாரம் கழிச்சு பதில் போட்டார், திருத்தம் சரியா வேலை செய்யுதான்னு தானா சரிபாக்கற டெஸ்ட் எழுதி அனுப்புங்கன்னார். எனக்குக் கோபம் தான் வந்துச்சு, ஓசில திருத்தித் தரேன் இதுல வேலை வேற சொல்றாரேன்னு. ராத்திரி யோசிச்சா, அவரும் ஓசில தானே பாத்துக்கறார், தமிழே தெரியாத மனுஷன் நாளைக்கு இதை யாராவது கெடுத்தா எப்படிக் கண்டுபிடிப்பார். டெஸ்ட் எழுதி அனுப்பினேன், சேத்துக்கிட்டார். சேகோ ஃபேக்டரில அஞ்சு நாள் முட்டினதும் இங்க ஆறு வரில முடிஞ்சதும் ஒரே ஆளு தான், எனக்கு அறிவு ஒண்ணும் கூடிடல. உள்ள பாக்க விட்டாங்க, அவ்வளவு தான்.

எல்லா ஓப்பன் சோர்ஸும் இப்படி நம்மகிட்ட திருத்தம் வாங்கிக்கும்னும் இல்ல. ஏற்காட்டு எஸ்டேட்ல காபிப் பழம் பறிக்கிறவங்களுக்கு கிலோ கணக்குல கூலி, மலை மேல மழை வந்தா கரண்டும் போயிடும் நெட்டும் போயிடும், அதனால அங்க எஸ்க்யூலைட்னு ஒரு சின்ன டேட்டாபேஸ் போட்டேன், எடை போட்டுட்டு இருக்கும் போதே கரண்டு போனாலும் பாதில நின்ன எழுத்தை அதுவே பழைய நிலைக்குக் கொண்டு வந்துடும், மொத்தக் கணக்கும் ஒரே ஃபைல். அதை எழுதுனது ரிச்சர்ட் ஹிப், 2000ல இருந்து வருது, லைசென்ஸே இல்ல, பொதுச்சொத்துன்னு விட்டுட்டாங்க, ஆனா வெளியாளுங்க கோடை சேத்துக்க மாட்டாங்க. அது அவங்க இஷ்டம், அதுல தப்பு இல்ல. 2050 வரைக்கும் பாத்துக்கறதா சொல்லியிருக்காங்க, அந்த ஃபைல் ஃபார்மேட்டை அப்படியே வெளிப்படையா எழுதியும் வச்சிருக்காங்க.

இதுல என் சொந்தக் கருத்து ஒண்ணு, ஓப்பன் சோர்ஸ் ஆளுங்க சில பேர் ஒத்துக்க மாட்டாங்க. சோர்ஸ் தொறந்து இருக்கறதை விட கணக்கு இருக்கற ஃபார்மேட் தொறந்து இருக்கறது சின்ன வியாபாரிக்கு முக்கியம்னு நான் நினைக்கறேன். அந்த சேகோ ஃபேக்டரிக்கு சோர்ஸ் கிடைக்காட்டிக் கூட பரவால்ல, டேட்டா கமா போட்டுப் பிரிச்ச வெறும் சிஎஸ்வி டெக்ஸ்ட் ஃபைலா இருந்திருந்தா ஒரே நாள்ல எழுந்திருச்சிருப்பாங்க. அதனால மாமாவுக்கு ஜிஎஸ்டி பில்லும் ஸ்டாக்கும் மட்டும் போதும்னா, கடைல விக்கற ரெடிமேட் சாஃப்ட்வேரை வாங்கிக் குடுங்கன்னு தான் சொல்லுவேன், மொத்தக் கணக்கையும் சாதாரண ஃபைலா வெளிய எடுக்க முடியுதான்னு மட்டும் வாங்கறதுக்கு முன்னாடி உக்காந்து எடுத்துப் பாருங்க. வரி ரூல்ஸ் மாற மாற அதைத் தொரத்திட்டு ஓடறது தனி வேலை, ஒத்தை ஆளா அதை எடுத்துக்காதீங்க. பட்டறைக்காரருக்கு எவ்வளவு வெள்ளி போச்சு, என்ன டச்சுல, அதாவது என்ன சுத்தத்துல, திரும்பி வந்துச்சு, சேதாரம் எவ்வளவு, இதெல்லாம் உங்க மாமாவுக்குன்னு இருக்கற முறை, ரெடிமேட்ல உக்காராது, அங்க நீங்க எழுதுங்க.

எழுதறதுன்னு முடிவு பண்ணா வெளிய இருந்து எடுக்கற லைப்ரரி ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி எத்தனை பேர் இருக்காங்க, கடைசியா எப்ப வெளியிட்டாங்க, யாராவது பிழை சொன்னா பதில் வருதான்னு பாருங்க, கோடு வச்சிருக்கற சைட்ல லைக் மாதிரி விழற ஸ்டார் எத்தனைன்னு பாத்து ஏமாறாதீங்க. அஞ்சு வரில நீங்களே எழுதக் கூடியதுக்கு லைப்ரரி எடுக்காதீங்க. 2016 மார்ச்ல லெஃப்ட்பேட்னு பதினோரு வரி கோடை எழுதுனவர் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி எல்லாம் கிடைக்கற என்பிஎம்ல இருந்து தூக்குனதும் உலகம் பூரா எத்தனையோ பேரோட பில்டு, அதாவது சாஃப்ட்வேரைக் கட்டி எடுக்கற வேலை, நின்னுச்சு. எடுத்த வெர்ஷனைப் பூட்டி வைங்க, அதோட ஒரு காப்பி உங்ககிட்டயே இருக்கட்டும்.

மாமான்னு பாக்காம வருஷத்துக்கு இவ்வளவுன்னு பராமரிப்புக் காசு பேசிடுங்க. இல்லைன்னா ரெண்டு வருஷத்துல நீங்க பெங்களூர் வேலைக்குப் போயிடுவீங்க, சேகோ ஃபேக்டரிக்கு அந்த ஆளு பண்ணதை மாமாவுக்கு நீங்க பண்ணுவீங்க, சோர்ஸ் தொறந்து இருந்தும் பிரயோஜனம் இருக்காது. அந்தக் காசுல ஒரு பங்கு, ஐநூறு ரூவாயா இருந்தாலும் சரி, நீங்க நம்பி இருக்கற புராஜெக்டுக்கு அனுப்புங்க, நான் வருஷா வருஷம் ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாள் அனுப்பிடறேன். முழு சோர்ஸும், எப்படி இன்ஸ்டால் பண்றதுன்னு தமிழ்ல ரெண்டு பக்கமும், டேட்டாபேஸ்ல இருக்கறதை அப்படியே கொட்டி எடுத்த சாதாரண டெக்ஸ்ட் டம்ப்பும் ஒரு பென்டிரைவ்ல போட்டு மாமாவோட லாக்கர்ல வைங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா புதுசு மாத்துங்க. மாத்தும் போது சும்மா காப்பி பண்ணிட்டு வந்துடாதீங்க, வேற ஒரு கம்ப்யூட்டர்ல ஏத்தி, நாலு பட்டறைக்காரர் பேரைத் தேடி, அவங்க பாக்கி வெள்ளி மாமா நோட்டுல இருக்கறதோட ஒத்துப் போகுதான்னு அவரையே பக்கத்துல உக்கார வச்சுப் பாருங்க.